நூறு வருஷம் என்று அட்டையில் போட்டிருந்தார்கள்

என் தங்கையின் கணவரும் என் மதிப்புக்குரியவருமான மாப்பிள்ளைக்கு,

இங்கே நானும் என் மனைவியும் என் முழங்கால் வலியும் சௌக்கியம். அங்கே தாங்களும் தங்கையும், முழங்கால் வலி நீங்கலாக, அப்படியே இருக்க வேண்டுகிறேன். போன் செய்தால் தங்கை எடுத்துவிடுவாள் என்பதால் இதைத் தங்கள் ஆபீஸ் முகவரிக்கு எழுதுகிறேன்.

அடுத்த வாரம் வருவதாகவும், உங்கள் கல்யாண வீடியோவில் அப்பா சிரிப்பதைப் பார்க்க வேண்டும் என்றும் அவள் சொன்னாள். அப்பா நடமாடிப் பேசிச் சிரிப்பது உலகத்திலேயே அந்த ஒரு வீடியோவில்தான். ஆகவே, நடந்திருக்கும் மோசடியைத் தாங்கள் பக்குவமாக அவள் காதில் போட வேண்டும். அண்ணன்மேல் தவறில்லை என்பதை முதலில் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்லவும்.

பதினோரு வருஷத்துக்கு முன் நம் வீடியோ கேசட்டுகளில் பூஞ்சை பிடித்ததல்லவா, உடனே ஏழு கேசட்டையும் ஏழு டிவிடியில் ஏற்றினேன். டிவிடி வந்த அட்டையில் ‘நூறு ஆண்டுகள் நிலைக்கும்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அதைக் கத்தரித்து இன்றும் பர்ஸில் வைத்திருக்கிறேன். நூறு வருஷச் சரக்கு கையில் இருக்க, நாறிப்போன கேசட் எதற்கு என்று குப்பையில் போட்டேன். டிவிடியையும் பூஞ்சை தொட்டுவிடக் கூடாதே என்று, யாரும் சொல்லித் தராமல் நானே கண்டுபிடித்த முறைப்படி, ஞாயிறுதோறும் மொட்டைமாடியில் வெள்ளை விரிப்புப் போட்டு, பளபளக்கும் பக்கம் மேலே இருக்க வரிசையாக அடுக்கி, இரண்டு மணிநேரம் வெயில் காட்டினேன். மழை நாள் தவிர ஒரு வாரம் விட்டதில்லை, ஜுரத்தோடுகூட ஏறினேன். “கல்யாணமான நாள்லேருந்து என்னை ஒருநாள் இப்படிப் பார்த்துக்கிட்டீங்களா?” என்று என் மனைவி கேட்டபோதும் விரிப்பைச் சுருட்டிக்கொண்டு ஏறினேன்.

நேற்று ஒன்றைப் போட்டால் ‘டிஸ்க் இல்லை’ என்கிறது பிளேயர். உள்ளே வைத்ததே நான், என்னிடமே இல்லை என்கிறது! ஏழுக்கும் அதே பதில். டிவி ரிப்பேர்காரரிடம் கொண்டுபோனேன். ஒன்றை விளக்கில் பிடித்துப் பார்த்தார்.

“எங்க வெச்சிருந்தீங்க ஐயா?”

“பத்திரமாத்தான் வெச்சிருந்தேன்.”

“அதான், எங்க?”

“வெயில்ல.”

“வெயில்லயா!”

“பின்னே? நிழல்ல வெச்சா பூஞ்சை பிடிக்காதா?”

“ஐயா, நாம ஏத்துற டிஸ்க்குல படம் இருக்கறதே ஒரு சாயத்துலதான். வெயில் பட்டா சாயம் வெளுத்துடும். சும்மா பீரோல போட்டு மறந்திருந்தீங்கன்னாகூட இன்னும் ஓடியிருக்கும்.”

“நூறு வருஷம்னு போட்டிருக்கானே!”

“நூறு வருஷம் உட்கார்ந்து யாரு பார்த்தாங்க? அவங்களா போட்டுக்கற கணக்கு அது.”

என் பர்ஸிலிருந்த அட்டையை வாங்கித் திருப்பிக் காட்டினார். பின்பக்கம், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில், ‘வெயில் படாமல் வைக்கவும்.’ நூறு வருஷத்தைக் கொட்டை எழுத்தில் போடத் தெரிந்தவனுக்கு இதைப் போட மட்டும் இடமில்லாமல் போய்விட்டதா? அட்டையை எவனாவது திருப்பிப் படிப்பானா? சூரியனைவிடச் சுத்தமானது ஒன்று உண்டா? என் முறையில் குற்றமில்லை, சரக்கில்தான் குற்றம். எனக்குச் சேர வேண்டிய மீதி எண்பத்தொன்பது வருஷத்தையும் உடனே தரவேண்டும் என்று கம்பெனிக்கு எழுதிவிட்டேன். அவர்கள் பதில் போடும்வரை தங்கை அழ வேண்டாம்.

இருவரும் நோய்நொடியின்றி நெடுநாள் வாழ மூத்தவனின் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்.

பி.கு.: உறையை ஒட்டப் போனபோது என் மனைவி ஞாபகப்படுத்தினாள். டிவிடியில் ஏற்றிய அந்த வருஷமே கல்யாண வீடியோவை உங்களுக்கும் ஒரு பிரதி எடுத்துத் தந்து, வாராவாரம் எப்படி வெயில் காட்டுவது என்று ஒரு பக்கம் எழுதியும் கொடுத்தேனாம். மாப்பிள்ளை, இத்தனை வருஷத்தில் நான் சொன்ன எதையாவது நீங்கள் காதில் வாங்கியதாக எனக்கு நினைவில்லை. இதையும் வாங்கியிருக்க மாட்டீர்கள் என்று தெய்வத்தை வேண்டிக்கொண்டிருக்கிறேன். அது எந்த இருட்டு மூலையில் கிடந்தாலும் அங்கேயே கிடக்கட்டும்; ஜன்னலைக்கூடத் திறக்காதீர்கள். தங்கை இங்கே வர வேண்டாம். நானே வருகிறேன், குடையோடு.