ஒரு தொட்டி ஆலாத்தி

கூச்ச சுபாவம் உள்ளவர்களால் யாருக்கும் கெடுதல் வராது என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. சுத்தப் பொய். வாயாடி ஒருவன் தப்புச் செய்யப் போனால், போகிற வழியிலேயே நாலு பேரிடம் உளறிவிடுவான். யாராவது தடுத்துவிடுவார்கள். கூச்சக்காரன் அப்படியில்லை. யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், தலையைக் குனிந்தபடி, மிக அமைதியாக ஒரு ஊரையே கவிழ்த்துவிடுவான். நான் கவிழ்த்த ஊர் மொரப்பூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெயரைச் சொல்லமாட்டேன். அது என் மாமனார் ஊர். பொங்கலுக்கு நான் அங்கே போயாக வேண்டும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடையில் எங்கள் பக்கம் காலரா பரவியது. சில வீடுகளில் சாவும் விழுந்தது. அதைப் பற்றி வேடிக்கையாக எழுத எனக்கு வராது, எழுதவும் மாட்டேன். மற்றதெல்லாம் வேடிக்கைதான்.

ஓட்டலில் தண்ணீர் கேட்டால் ஆவி பறக்கும் டம்ளரைக் கொண்டுவந்து வைத்தார்கள். வெயிலில் நடந்து வந்தவன் அதை ஊதி ஊதிக் குடித்துவிட்டு, காபி ஆறிப்போயிருப்பதாகப் புகார் சொன்னான். வெட்டி வைத்த பழங்கள் கடைகளிலிருந்து மறைந்தன (ஈக்கள் மட்டும் கடையைவிட்டுப் போகவில்லை). ரயிலடி வாசலில் மேசை போட்டு, இறங்குகிறவர்களுக்கெல்லாம் ஊசி போட்டார்கள். அதனால் ஜனங்கள் மறுபக்கம் குதித்து, முள்வேலியில் நுழைந்து, உடம்பெல்லாம் கீறி ரத்தம் சொட்டச் சொட்ட ஊசியிலிருந்து தப்பித்தார்கள். கல்யாண வீடுகளில் பந்தி கிடையாது என்று சொன்னார்கள். சொன்ன மறுநாளே உறவுக்காரர்களுக்கு நோய்ப் பயம் அதிகமாகிவிட்டது. எங்கள் வீட்டில் அம்மா கண்ணில் பட்டதையெல்லாம் கொதிக்க வைத்தார். ஒருநாள் மோரையும் கொதிக்க வைத்தார். அதைக் குடித்த பிறகு காலராவைப் பற்றிய பயம் எனக்குக் கொஞ்சம் குறைந்தது.

ஊருக்கு வந்த கெட்ட காலம் எனக்கு நல்ல காலமாயிற்று. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வேலை கேட்கவும் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். கிணறுகளுக்கு பிளீச்சிங் பவுடர் போட சானிடரி இன்ஸ்பெக்டருக்கு ஆள் தேவைப்பட்டது. தற்காலிக வேலை. ஒழுங்காகச் செய்தால் நிரந்தரமாக்கப் பார்க்கலாம் என்றார். வேலையையும் அவரே சொல்லிக் கொடுத்தார்.

"வாளியில பவுடரைப் போட்டுக் கலக்கு. தெளிய விடு. தெளிஞ்ச தண்ணிய மட்டும் கெணத்துல எறக்கு. அடியில நிக்கிற சுண்ணாம்பைக் குழி தோண்டிப் பொதைச்சிடு. இதுக்கு மேல மூளைய உபயோகிக்காத."

கடைசி வாக்கியத்தை மட்டும் நான் கடைசிவரை பின்பற்றினேன்.

கொஞ்ச நாளிலேயே வேலை என் உடம்பில் ஊறிவிட்டது. பஸ்ஸில் என் பக்கத்து சீட் எப்போதும் காலியாக இருந்தது. சட்டை ஓட்டை ஓட்டையாகப் போயிற்று. அம்மா என்னை வாசலிலேயே நிறுத்திக் குளிக்கச் சொன்னார். எல்லாவற்றையும்விட முக்கியம், என் மூக்கு செத்துவிட்டது. மல்லிகைப் பூவும் சாக்கடையும் எனக்கு ஒரே வாசனை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஊரில் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் இருந்தார். எனக்கு மாமா. மாரியம்மன் கோயில் தர்மகர்த்தா. அவர் மகள் மாதம்மாளை எனக்குக் கட்டிவைக்கலாம் என்று பெரியவர்கள் அரைகுறையாகப் பேசி வைத்திருந்தார்கள். நான் அவளிடம் பேசியது கிடையாது. ஒரு விசேஷத்தில் எதிரெதிர் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். அன்றைக்கு அவள் இலையை நான் நன்றாகப் பார்த்தேன். முகம் வரைக்கும் தலையைத் தூக்கத் தைரியம் வரவில்லை.

மாமா அம்மாவிடம் சொல்லி அனுப்பியிருந்தார்: "பையன் கெணத்துக்கு மருந்து போடறானாம். எங்க ஊருக்கும் வரட்டும். வேலை செய்யற லட்சணத்த ஒருதடவ கண்ணால பாத்துட்டு முடிவு சொல்றேன்."

அந்த ஊர் ஏற்கெனவே இன்ஸ்பெக்டருக்குத் தலைவலி. ஊசி வேண்டாம், ஆத்தா பார்த்துக்கொள்வாள் என்று ஒட்டுமொத்தமாக மறுத்துவிட்ட ஊர். அன்று மதியம் ஊசிப் பெட்டியோடு இன்னொரு முறை வருவதாக அவர் சொன்னார். அதற்குள் நான் போய், யாரையும் கோபப்படுத்தாமல் கிணற்றுக்கு மருந்து போட்டுவிட வேண்டும். யாரையும் கோபப்படுத்தாத ஆள் என்பதால்தான் என்னை அனுப்புவதாகவும் சொன்னார். மனிதர்களை எடைபோடுவதில் அவர் கெட்டிக்காரர்.

நான் போனது செவ்வாய்க்கிழமை. கோயிலில் விசேஷ பூஜை. நோய் போக வேண்டும் என்று ஊர்ப் பெண்களெல்லாம் ஆத்தாளுக்கு ஊற்றக் கிணற்றில் நீர் சேந்திக்கொண்டிருந்தார்கள். கிணற்றைச் சுற்றி ஒரே கூட்டம். நடுவில் அரக்குச் சேலையில் மாதம்மாள். நிச்சயதார்த்தத்துக்கென்று எடுத்து வைத்திருந்த சேலையாம். பூஜை என்பதால் கட்டினாளாம் (நான் வருவதால் கட்டினாள் என்று அவள் அம்மா, என் அத்தை, பிற்பாடு சொன்னார். அவள் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை).

நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். "கொஞ்சம் நகருங்கம்மா" என்று சொல்ல வேண்டும். வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். கிட்டத்தில் போனதும் அப்படியே திரும்பிவிட்டேன். ஒதுக்குப்புறமாக மரத்தடியில் நின்று, பக்கெட்டில் பவுடரைக் கலக்கினேன். இனி தெளியும்வரை நிற்க வேண்டும். பெண்கள் கூட்டத்துக்கு எதிரில், ஒரு பக்கெட்டைப் பார்த்தபடி, ஒன்றும் செய்யாமல்.

"இவருதான் மாதம்மாளுக்குப் பாத்திருக்கற மாப்பிள்ளையாடி?" என்றது ஒரு குரல்.

"ஆமாக்கா. கவர்மெண்டு வேலை."

"என்னா வேலை, பக்கெட்டைக் காவல் காக்கறதா?"

எல்லோரும் சிரித்தார்கள். அதில் அரக்குச் சேலையும் சிரித்ததா என்று பார்க்கத் துணிவில்லாமல், தெளியாத பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் பின்பக்கம் ஓடினேன்.

அங்கே ஒரு பெரிய கல் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. மஞ்சள் நிறம். மேலே தழை மிதந்தது. இப்போது நினைத்தால் எனக்கே நம்ப முடியவில்லை. செவ்வாய்க்கிழமை, மாரியம்மன் கோயில், மஞ்சள் தண்ணீர், வேப்பிலை. அது ஆத்தாளுக்கு ஊற்றும் நீர் என்று, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் நம் பக்கத்தில் யாராக இருந்தாலும் சொல்லிவிடுவார்கள். ஆனால் என் மூக்குக்கு மஞ்சள் வாசனை எட்டவில்லை. மூளையை உபயோகிக்க உத்தரவும் இல்லை. மாட்டுத் தொட்டி, மாடு தண்ணீர் குடித்ததோடு நிற்காமல் வேறு காரியமும் செய்திருக்கிறது என்று முடிவு கட்டினேன். இதற்கு முழு அளவு மருந்து வேண்டும் என்று, அடியில் நின்ற சுண்ணாம்போடு சேர்த்து மொத்தப் பக்கெட்டையும் கவிழ்த்துக் கழியால் நன்றாகக் கலக்கினேன்.

தொட்டி சிவந்தது. ஓரத்தில் ஆரம்பித்து, கழி போன இடமெல்லாம் பரவி, குங்குமம் கரைத்த மாதிரி சிவந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். மருந்து கிருமியை வெட்டிச் சாய்க்கிறது, இது கிருமியின் ரத்தம் என்று நினைத்தேன்.

சிவப்புத் தண்ணீரை முதலில் பார்த்தது, பூஜைக்கு மஞ்சள் நீர் மொண்டுபோகக் குடத்தோடு வந்த ஒரு பெரியம்மா. பார்த்த இடத்திலேயே அவருக்குச் சாமி வந்துவிட்டது. கூட்டம் கூடிவிட்டது. பெரியம்மா தலைமுடியை அவிழ்த்துப்போட்டு ஆடிக்கொண்டே கேட்டார்: "யாரு என் தண்ணியில கை வெச்சது?"

பள்ளிக்கூடப் பழக்கம். கையைத் தூக்கினேன். கையில் கழி இருந்தது. அதிலிருந்து சிவப்பாகச் சொட்டியது.

புது வேட்டியும் மேல்துண்டுமாக மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"ஏம்பா, என்னா பண்ணி வெச்சிருக்க?"

"மருந்து போட்டிருக்கேனுங்க மாமா."

"எதுக்கு?"

"கிருமிக்குங்க."

"மாரியாத்தா தண்ணியில கிருமியா?"

இதற்குச் சுகாதாரத் துறை எனக்குப் பதில் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. ஊசிக்காரன் ஊருக்குள் கால் வைக்கக் கூடாது என்று ஆண்கள் அங்கேயே பேசி முடித்தார்கள். மாமா என்னைப் பார்க்காமல் கோயில் கோபுரத்தைப் பார்த்துச் சொன்னார்: "பொண்ணு பேச்சும் இதோட நின்னுது. உங்கம்மாகிட்ட சொல்லிரு."

முதல் தடவையாக அன்றுதான் தலையைத் தூக்கி மாதம்மாளின் முகத்தைப் பார்த்தேன். கிடைக்காது என்று ஆன பிறகுதான் எனக்கு அந்தத் தைரியம் வந்தது.

அப்போது அத்தை தொட்டிக்கு அருகில் வந்தார். விரலை விட்டு எடுத்தார். தேய்த்துப் பார்த்தார்.

"இதுல என்னா அதிசயம். மஞ்சத் தண்ணியில சுண்ணாம்பு பட்டா செவக்கும். ஆலாத்தி கரைக்கிற பொம்பளைங்க நமக்கு இது தெரியாதா?"

"ஆலாத்தின்னா கழிச்சுக் கொட்டற தண்ணியில்லியா," என்றார் ஒரு பெரியவர். "அதை எப்படி ஆத்தா தலையில ஊத்தறது?"

"ஆத்தாளுக்கு ஊத்தச் சொல்லி யாரு சொன்னா? இதை ஊருக்குச் சுத்திப் போட்டதா நெனச்சுக்கங்க. பேதி வந்த ஊருக்குக் கண்ணேறு கழிக்க வேணாமா? தெருவெல்லாம் தெளிச்சிக்கிட்டே போயி எல்லையில கொட்டிட்டு வாங்க. ஆத்தாளுக்கு நான் வேற மஞ்ச அரைக்கறேன்."

எல்லோரும் சாமி வந்த பெரியம்மாவைப் பார்த்தார்கள். அவர் யோசித்து, சரி என்று தலையாட்டினார். சாமி மலையேறியது. பிறகு பெரியம்மா குடிக்கத் தண்ணீர் கேட்டார் (கொதிக்க வைத்ததுதானா என்று விசாரித்துவிட்டுத்தான் குடித்தார்).

பெண்கள் குடம் குடமாக மொண்டு இடுப்பில் வைத்துக்கொண்டு புறப்பட்டார்கள். சந்து, சாக்கடை, குப்பைமேடு, மாட்டுக் கொட்டகை ஒன்று விடாமல் தெளித்தார்கள். சைக்கிளில் வந்த இன்ஸ்பெக்டர் ஊர் எல்லையில் பிரேக் பிடிக்க மறந்து வேலியில் மோதி நின்றார். மருந்தென்றாலே முகம் சுளிக்கிற ஊர், மேளத்தோடு தனக்குத் தானே பிளீச்சிங் தெளித்துக்கொண்டிருந்தது. அவருடைய உத்தியோக வாழ்க்கையில் அப்படி ஒரு காட்சியை அவர் கனவிலும் கண்டிருக்கமாட்டார்.

அவர் கோயிலுக்கு வருவதற்குள் தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீரின் சிவப்பை பிளீச்சிங் தின்றுவிட்டது. மஞ்சளும் இல்லை. ஆத்தாளின் உக்கிரம் தணிந்துவிட்டது என்று ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தணிந்த மனநிலையில் மாமாவே முதல் ஆளாகச் மேல்துண்டை ஒதுக்கிவிட்டுக் கையை ஊசிக்கு நீட்டினார். பின்னால் வரிசை நின்றது.

"அப்படி என்ன சொல்லிய்யா இவங்களச் சம்மதிக்க வெச்ச?" என்று இன்ஸ்பெக்டர் என் காதில் கேட்டார்.

"ஒண்ணுமே சொல்லலீங்க சார்," என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு உண்மையான வாக்கியத்தை நான் அதற்குப் பிறகு சொன்னதில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் ஒரு மகான். மறுநாள் காலையில் சேலைகள் காய்ந்தன. குடம் சுமந்த ஒவ்வொரு பெண்ணின் சேலையிலும் இடுப்புப் பக்கம் வெள்ளை வெளேரென்று ஒரு வட்டம். பச்சைச் சேலையில் வட்டம், நீலச் சேலையில் வட்டம். மாதம்மாளின் அரக்குச் சேலையில் பௌர்ணமி. தெளித்துக்கொண்டு முன்னால் போன மாமாவின் மேல்துண்டில் சிவப்புக் கரை இருந்த இடமே தெரியவில்லை.

ஊர் திரண்டு இன்ஸ்பெக்டரிடம் வந்தது. அவர் என்னைத் தனியாக அழைத்துப் பேசினார். "உன்னால ஒரு ஊரு சுத்தமாச்சுப்பா. இன்னொரு ஊரைச் சுத்தம் பண்ற தைரியம் எனக்கு இல்ல," என்று சொல்லி, தோளில் தட்டிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வேலை போயிற்று. வேலையோடு பெண்ணும் போயிற்று என்று அம்மா ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதார். அன்றைக்கு வீட்டில் எதுவும் கொதிக்கவில்லை.

சில நாள் கழித்து அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் அந்த அரக்குச் சேலை. அம்மாவுக்கு முன்னால் அதை விரித்துக் காட்டினார்.

"இதைக் கட்டிக்கிட்டு எம்பொண்ணு வேற எவன் முன்னாடி போயி நிப்பா? சேலையைக் கெடுத்த கையே கூறச்சேலை எடுத்துக் குடுக்கட்டும்."

அம்மா தயங்கினார். "அண்ணன் என்னா சொல்றாருங்க அண்ணி?"

"அவரு சொல்றது கெடக்கட்டும். மாதம்மாதான் சொல்லி அனுப்பினா."

கல்யாணத்துக்குப் பிறகு, ஏன் அப்படிச் சொல்லி அனுப்பினாய் என்று அவளிடம் ஒருநாள் கேட்டேன் (கேட்கவே எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று). "கழியோட கையத் தூக்கினீங்களே, அப்ப நெனச்சேன். இந்த ஆளுக்குப் பொய் சொல்லத் தெரியாதுன்னு," என்றாள். நான் பூரித்துப் போய் உட்கார்ந்திருந்தேன். "பொய் மட்டும்தான் தெரியாதுன்னு நெனச்சிட்டேன். மத்ததும் தெரியாதுன்னு வந்தப்புறம்தான் தெரிஞ்சுது," என்று முடித்தாள்.

மாமா என்னை மொரப்பூரில் ஒரு புளி மண்டியில் சேர்த்துவிட்டார். அங்கே தண்ணீர் சம்பந்தப்பட்ட வேலை எதுவும் இல்லையே என்று முதலாளியிடம் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். பிளீச்சிங் இல்லாத காற்றில் என் மூக்கும் மெதுவாக உயிர் பெற்றது.

போன வருஷம் எங்கள் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் மண்டப வாசலில் நின்றார்கள். ஆலாத்தித் தட்டு வந்தது. நிறம் போதவில்லை, வெறும் மஞ்சளாகவே இருந்தது. சம்பந்தியம்மாள், பக்கத்தில் சும்மா நின்ற என்னிடம், "ஏனுங்க, ஒரு சிட்டிகை சுண்ணாம்பு இருந்தா போடுங்களேன்," என்றார் மரியாதையாக. பாவம், அவருக்கு எதுவும் தெரியாது. எங்கள் பக்கத்து ஜனம் மொத்தமும் ஒரு அடி பின்னால் நகர்ந்தது.

மாதம்மாள் தட்டை என் கைக்கு எட்டாத தூரத்துக்கு இழுத்துக்கொண்டாள். "அவர்கிட்ட குடுக்காதீங்க சம்பந்தி. மாப்பிள்ளை பட்டு வேட்டி கட்டியிருக்காரு."