ஏரிக்கரையில் பட்ட கஷ்டம்

கண்ணாடிக்கடைக்காரர் வாழ்நாளில் ஒரே ஒரு சத்தியத்தைத்தான் காப்பாற்றினார். அதுவும் பொய் சொல்வதாகச் செய்த சத்தியம்.

சலூன்காரர், தபாலாபீஸில் வேலை பார்க்கும் நெட்டையரான ஒட்டடைக்குச்சி, இவர். மூவரும் கூட்டு. இலையுதிர் காலம் வந்தால் முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஏரிக்கரையோடு நடப்பார்கள். கூடாரம் அடித்துத் தங்குவார்கள். திரும்பி வந்து, அது நரகம் என்று வீட்டில் சொல்வார்கள்.

அப்படிச் சொல்லாவிட்டால் மனைவிமாரும் வருவார்கள். வந்தால் குக்கர் வரும், தலையணை வரும், "அந்தப் பக்கம் போகாதீங்க" வரும். இன்னொன்று. பரண் சுத்தம் செய்கிற வாரமும் அதே வாரம்தான்.

பொய்யை அவர்கள் சும்மா சொல்வதில்லை. ஊர் திரும்புகிற அன்று கூடாரத்தைச் சுருட்டிவிட்டு, கரையில் வட்டமாக உட்கார்ந்து ஒத்திகை பார்ப்பார்கள். இந்த வருஷம் மழையா, பனியா? அட்டை எந்தக் காலைக் கடித்தது? எல்லாம் பேசி முடித்து, சட்டையில் சேறு பூசிக்கொண்டுதான் பஸ் ஏறுவார்கள். மூன்று வீட்டுக்கும் ஒரே நரகம். அதனால்தான் இத்தனை வருஷம் ஓடியது.

இந்த வருஷமும் மனைவி கேட்டாள். மூட்டையில் கம்பளியைத் திணித்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, நானும் வரட்டுமா?"

"அங்கேயா? மனுஷன் போவானா அங்கே?"

"நீங்க போறீங்களே?"

"என்னை விடு. சிநேகிதத்துக்காகப் போறேன். அவனுங்க கூப்பிட்டா தட்ட முடியல."

"சலூன்காரர் சம்சாரம் சொன்னா, நீங்கதான் கூப்பிட்டீங்கன்னு."

"எல்லாரும் எல்லாரையும் கூப்பிட்டோம். கம்பளியை அமுக்கு."

அவள் அமுக்கினாள். இவர் அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டார்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நடந்தார்கள், மூச்சு வாங்கினார்கள், கூடாரம் இரண்டு தடவை தலையில் விழுந்தது. வருஷா வருஷம் விழுவதுதான்.

கடைசி நாள் காலையைச் சுருக்க முடியாது.

கண்ணாடிக்கடைக்காரர் கூடாரத்தை விட்டு வெளியே வந்தார். ஏரியைக் காணோம். பனிமூட்டம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். அப்போதும் காணோம். பிறகு வெயில் மெல்ல ஏறியது. மூட்டம் ஓரத்திலிருந்து விலகியது, யாரோ போர்வையை இழுக்கிற மாதிரி. எதிர்க்கரை மலை முழுக்கச் சிவப்பு. அடியில் மஞ்சள். அதே மலை தண்ணீருக்குள் தலைகீழாக. நடுவே கோடு இல்லை. எது மலை, எது தண்ணீர் என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. ஊருக்கெல்லாம் பார்வை அளந்து கொடுக்கிறவர், தம் கண்ணை நம்பாமல் நின்றார்.

ஒரே ஓர் இலை விழுந்தது. மொத்த மலையும் நடுங்கியது.

தூங்கும்போதுகூடப் பேசுகிற ஒட்டடைக்குச்சி வாயைத் திறக்கவில்லை. சலூன்காரர் துண்டால் முகத்தைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். அடுப்பில் காப்பி பொங்கி அணைந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வெகுநேரம் கழித்துச் சலூன்காரர் சொன்னார். "யோவ், இவ்வளவு நாள் இது இங்கேயேவா இருந்தது?"

வெயில் உச்சிக்கு வந்த பிறகுதான் பஸ் ஞாபகம் வந்தது. ஓடினார்கள். பஸ்ஸில் கோயிலிலிருந்து வருகிறவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

ஒத்திகையா? அது யாருக்கு ஞாபகம் இருந்தது?

மனைவி கதவைத் திறந்தாள்.

"எப்படி இருந்தது?"

அவருக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. மலை, தண்ணீர், அந்த ஓர் இலை. விழுங்கினார்.

"நரகம்."

"குளிரா?"

"எலும்பெல்லாம் உறைஞ்சு போச்சு. மழை வேற. நின்னாத்தானே!"

"சட்டை காஞ்சிருக்கே?"

"பஸ்ஸில காத்து."

"அட்டை?"

"கேக்காதே! ரத்தம் பூரா உறிஞ்சிடுச்சு."

"காலைக் காட்டுங்க."

"முதுகுல."

அவள் முதுகைக் காட்டச் சொல்லவில்லை. வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். "பாவம்" என்றாள். அவருக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் அவர் கடையிலிருந்து வந்தபோது சமையலறையில் மூன்று பெண்களின் சிரிப்பு கேட்டது. இவர் செருப்பைக் கழற்றுவதற்குள் நின்றுவிட்டது. இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார்கள். சலூன்காரர் மனைவி, ஒட்டடைக்குச்சி மனைவி.

"ஏங்க, அங்க மழைன்னீங்களே?"

"ஆமா."

"சலூன்காரருக்கு வெயில் கொளுத்தி ஏரியே வத்திப்போச்சாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்த உயரமானவருக்குப் பனி கொட்டிச்சாம். இடுப்பு வரைக்கும்."

"அது பெரிய ஏரி."

"கூடாரம் ஒண்ணுதானே?"

"ஓரமா படுத்தவனுக்கு ஒரு மாதிரி இருக்கும்."

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஓர் இலை. சிவப்பு.

"உங்க சட்டைக் காலர்ல இருந்தது. இப்படி ஒரு சிவப்பை நான் பார்த்ததே இல்ல." கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முடிந்துகொண்டாள். "நாங்க மூணு பேரும் பேசிட்டோம். வருஷா வருஷம் நீங்களே கஷ்டப்படறது நியாயமில்ல. நாளைக்கு நாங்க போறோம்."

அழகான இடம் என்று ஒப்புக்கொண்டால் இத்தனை வருஷப் பொய்யும் சந்திக்கு வரும். நரகம் என்று சாதித்தால் அவள் போவாள்.

"அட்டை கடிக்கும்!"

"உங்களைக் கடிச்சு வயிறு ரொம்பியிருக்கும், விடுங்க."

"கூடாரம் அடிக்கத் தெரியுமா உனக்கு?"

"உங்களுக்குத் தெரியுமா?"

போய்விட்டார்கள். அதே கூடாரம், அதே மூட்டை. மூன்று ஆண்களும் அவரவர் பரணில் ஏறினார்கள். ஒட்டடைக்குச்சிக்கு ஏணி தேவைப்படவில்லை. கண்ணாடிக்கடைக்காரர் ஓட்டைப் பானைக்கும் உடைந்த தொட்டிலுக்கும் நடுவே தும்மிக்கொண்டிருந்தார். ஓட்டு இடுக்கில் வெயில் விழும்போதெல்லாம் கையில் துடைப்பத்தோடு நின்றுவிடுவார். இந்நேரம் மூட்டம் விலகியிருக்கும்.

அவள் திரும்பி வந்த அன்று இவர் கதவைத் திறந்தார்.

அவள் வாசற்படியில் நின்றாள். முகம் வேறு மாதிரி இருந்தது. கண் இவரைப் பார்த்தது. ஆனால் இவருக்கு வெகுதூரம் பின்னால் எதையோ பார்த்தது. கூடாரத்துக்கு வெளியே தாம் அப்படி நின்றது அவருக்கு நினைவு வந்தது. கொண்டையில் ஒரு சிவப்பு இலை செருகியிருந்தது. தெரிந்துதான் செருகியிருந்தாள்.

"எப்படி இருந்தது?" அவர் கேட்டார். பார்த்தேன் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். தாமும் சொல்லிவிடலாம். இருவருமாக அந்த மலையைப் பேசலாம்.

அவள் வாயைத் திறந்தாள். விழுங்கினாள்.

"அதை ஏன் கேக்கறீங்க. நரகம். ஒரே மழை, ஒரே சேறு. அட்டை வேற கடிச்சிடுச்சு, இடது கணுக்கால்ல."

"அப்போ அடுத்த வருஷம், சேர்ந்து..."

"ஐயோ, வேண்டாங்க! நீங்க பட்டது போதும். இனிமே நாங்களே கஷ்டப்பட்டுக்கறோம். பரணை முடிச்சாச்சா?"

அவர் நேரே சலூனுக்கு ஓடினார். ஒட்டடைக்குச்சி முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டார்கள். விசாரித்தார்கள். மூன்று வீட்டிலும் ஒரே மழை, ஒரே சேறு.

மூன்று அட்டைகளும் இடது கணுக்காலில்தான் கடித்திருந்தன.