ஆடு படித்த பாடம்

"பக்கீரப்பா, இந்த வரியைப் படிடா."

பக்கீரப்பா புத்தகத்தை வாங்கினான், முகர்ந்து பார்த்தான், திருப்பிக் கொடுத்தான். "இதுல ஒண்ணுமே தெரியலை சார்."

"மல்லவ்வா, நீ?"

"எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு சார்."

வீரபசப்பா மாஸ்தர் புத்தகத்தைப் பட்டென்று மூடினார். மறுநாள் காலை கல்வி அதிகாரி தேசாயி மேடம் வருகிறார். பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியாவிட்டால் வாத்தியாருக்கு மலைநாட்டுக் காட்டுப் பள்ளிக்கு மாற்றல். அங்கே பிள்ளைகளைவிட அட்டைப்பூச்சிகள் அதிகம். காலையில் முழு ஆளாகப் பள்ளிக்குப் போனவர் மாலையில் அரை ஆளாகத்தான் திரும்புவாராம்.

கல்லகுந்திப் பள்ளிக்கு அவர் ஒருவர்தான் வாத்தியார். அவர் பாடம் நடத்தி யாரும் பார்த்ததில்லை. மத்தியானம் சோள ரொட்டியும் எண்ணெய்க் கத்தரிக்காயும் உள்ளே போனதும் பெஞ்சில் சாய்ந்துவிடுவார். வாசிக்கத் தெரியும் என்று கை தூக்கிய ஒரே பிள்ளையான நீலவ்வா, பக்கத்தில் நின்று செய்தித்தாளைத் தலைப்பிலிருந்து கண்ணீர் அஞ்சலி வரைக்கும் உரக்க வாசிக்க வேண்டும். நிறுத்தினால் மாஸ்தர் விழித்துக்கொள்வார். மற்ற பிள்ளைகள் வெளியே ஏழுகல் ஆடுவார்கள்.

அந்த நீலவ்வா ஐந்தாம் வகுப்பு முடித்துப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து தினமும் மத்தியானம் மாஸ்தர் கேட்பார்: "யாருக்குடா படிக்கத் தெரியும்?" ஒரு கைகூட எழும்பாது. "மண்ணாங்கட்டிகளா" என்று திட்டிவிட்டுச் செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு உறங்குவார். ஊருக்கு உழைத்த களைப்பு.

இப்போது அந்த மண்ணாங்கட்டிகள்தான் அவரைக் கரையேற்ற வேண்டும்.

"கிணற்றுத் தவளைப் பாடத்தை நெட்டுருப் போடுங்கடா" என்றார். மதியத்துக்குள் அத்தனை பேருக்கும் பாடம் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் தவளைதான் குதித்தது. கணக்குப் புத்தகத்தைத் திறந்தார். அதிலும் குதித்தது.

"மேடம் வேற பக்கத்தைத் திருப்பினா என்னடா செய்வீங்க?"

"நீங்க திருப்ப விடாதீங்க சார்" என்றான் பக்கீரப்பா.

மாஸ்தருக்கு மூளை மின்னியது. சத்துணவில் மிஞ்சிய சோளக்கூழை எடுத்து, தவளைப் பக்கம் தவிர மற்றதையெல்லாம் ஒட்டினார். காயட்டும் என்று புத்தகங்களை முற்றத்து வெயிலில் பரப்பிவிட்டு, வழக்கம்போல் சாய்ந்தார். கூழ் வாசனை ஊர்க் கவுடரின் ஆட்டு மந்தைக்கு எட்டியது. மாஸ்தர் கண் விழித்தபோது முற்றத்தில் ஒரு புத்தக அட்டைகூட மிச்சமில்லை. அந்த வருடம் கல்லகுந்தியில் பாடத்தை முழுதாக உள்வாங்கிக்கொண்ட ஜீவன்கள் அந்த ஆடுகள்தாம்.

காலையில் தவளைப் பாடத்தைக் கரும்பலகையில் எழுதி முடிக்கவும் ஜீப் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

"புத்தகமெல்லாம் எங்க?" என்றார் தேசாயி மேடம்.

"பிள்ளைங்க ஆர்வத்துல படிச்சே தீர்த்துட்டாங்க மேடம்."

மேடம் அவரை ஒரு முறை பார்த்தார். பிறகு பலகையைக் காட்டி, "எல்லாரும் படிங்க" என்றார். பிள்ளைகள் முழங்கினார்கள். அவர்கள் பாதியில் இருக்கும்போதே மேடம் பலகையைச் சுத்தமாகத் துடைத்தார். துடைத்த பிறகும் தவளை நிற்கவில்லை. வெறும் பலகையில் குதித்துக் குதித்துக் கடலையே பார்த்துவிட்டு வந்தது.

"ஒருத்தருக்கும் எழுத்துத் தெரியாதுன்னு சொல்லுங்க" என்றார் மேடம்.

"மந்தமான பிள்ளைங்க மேடம். நானும் தொண்டை கிழியக் கத்தறேன்."

மேடம் சாக்கட்டியை எடுத்துப் பலகையில் ஒரு வரி எழுதினார்: 'நாளையிலிருந்து உங்கள் மாஸ்தர் இந்தப் பள்ளிக்கு வர மாட்டார்.'

மாஸ்தர் நாற்காலியைத் தேடினார். அதற்குள் கடைசி வரிசையிலிருந்து ஒரு விசில் பறந்தது. பக்கீரப்பா பையைத் தூக்கி எறிந்தான். மல்லவ்வா பக்கத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு சுற்றினாள். கூரை ஓடு இரண்டு கழன்று விழுந்ததாகச் சொல்கிறார்கள், நான் நம்புகிறேன்.

மேடம் வியந்துபோய்ச் சாக்கட்டியைக் கீழே வைத்தார். "இவ்வளவு வேகமா வாசிக்கிற பிள்ளைங்களை நான் எங்கேயும் பார்த்ததில்ல. உங்களை எப்படி மாத்துறது மாஸ்தர்? நீங்க இங்கேயே இருங்க."

வகுப்பில் இழவு விழுந்தது. மாஸ்தரோ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "எல்லாம் நம்ம உழைப்பு மேடம். வெளியில சொல்லிக்கிறதில்ல."

மேடம், அழாத குறையாக நின்ற மல்லவ்வாவின் தலையைத் தடவினார். "யாரும்மா உங்களுக்கு இவ்வளவு நல்லாச் சொல்லிக் குடுத்தது?"

மல்லவ்வா மூக்கை உறிஞ்சினாள். "நீலவ்வா அக்கா, மேடம். படிக்கவும் அக்காதான் சொல்லிக் குடுத்துச்சு. மத்தியானம் சார் கேட்டா, தெரியாத மாதிரி முழிக்கவும் அக்காதான் சொல்லிக் குடுத்துச்சு."