இருபதடி ஜன்னலுக்கு ஒரு சித்தர்

அந்தச் சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகள்கூடக் காத்தாடின. சனம் முழுக்க நாலு கடை தள்ளி 'ஸ்ரீ திருஷ்டி திரையகம்' வாசலில் நின்றது. சிலர் கையில் வீட்டு பிளான், சிலர் கையில் ஜாதகம். ஒரு அம்மா அளவுநாடாவுக்கு மஞ்சள் தடவி எடுத்துவந்திருந்தார். வேடிக்கை பார்க்கப் போன நானும் வரிசையில்தான் நின்றேன். என்ன செய்வது? என் மனைவி ரோசலின் என் சட்டையை விடவில்லை.

உள்ளே ஜன்னல் சித்தர் கமலநாதன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் காந்தப் படுக்கை விற்றவர். அதற்கும் முன்னால் தண்ணீர் ஃபில்டர். இப்போது மோட்டார் வைத்த பிளைண்ட்ஸ். சாதாரண பிளைண்ட்ஸ் என்று நினைத்துவிடாதீர்கள். ஆளைப் பார்த்து மூடும் பிளைண்ட்ஸ்! நல்ல மனசுக்காரர் வீட்டுக்குள் வந்தால் திரை அப்படியே சுருண்டு கிடக்கும். கண்ணேறு வந்தால், தரித்திரம் வந்தால், கடகடவென்று தானாக இறங்கி ஜன்னலை மூடிவிடும். யாரும் ரிமோட்டைத் தொட வேண்டியதில்லை.

சித்தர் ரிமோட்டைத் தொடமாட்டார். மடியில் இருக்கிற விபூதிச் சம்படத்தை மட்டும் தடவிக்கொண்டே இருப்பார். பக்தி!

"உங்க ஜன்னல் எத்தன அடிம்மா?"

"இருபது அடி சாமி."

"டெவலப்பர்கிட்ட சாவி வாங்குன நேரம் சொல்லுங்க. அதுதான் ஜன்னல் பொறந்த நேரம்."

ஜன்னலுக்கு ஜாதகம்! நான் சிரித்தேன். ரோசலின் கிள்ளினாள். இருபதடி என்று சொன்னது வேறு யாருமில்லை, எங்கள் எதிர்வீட்டு சீதாலெட்சுமி அக்கா.

எங்கள் கொண்டோ குடியிருப்பு கிள்ளானில். பதினாலாவது மாடி. லிஃப்டில் 13A என்று போட்டிருக்கும், ஏனென்றால் நாலு என்கிற எண் சீனர்களுக்கு ஆகாது, அவர்கள் பாஷையில் அது சாவு மாதிரி ஒலிக்குமாம். அதைப் பார்த்து வருஷக்கணக்காகச் சிரித்த தமிழர்கள்தான் இப்போது ஜன்னலுக்கு நட்சத்திரம் பார்க்கிறோம். அக்கா வீட்டு ஹாலில் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. மேற்குப் பார்த்தது. மூன்று மணிக்கு மேல் சோபாவில் உட்கார முடியாது, முதுகு வெந்துவிடும். அக்காவின் வீட்டுக்காரர் தம்புசாமி அண்ணன் சாயங்காலம் முழுக்க லிஃப்ட் பக்கம் நாற்காலி போட்டுத்தான் பேப்பர் படிப்பார். ஆக, அந்த வீட்டுக்குத் திரை தேவைதான். அதில் எனக்குச் சண்டை இல்லை.

சித்தர் அளவெடுக்க வந்த அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். புனிதாவும் இருந்தாள். அக்காவின் ஒரே மகன் கிஷனுக்கு நிச்சயம் பண்ணின பெண். பக்கத்து ஊர் பண்டமாரான்காரி. தனியாக வேன் வைத்து வீடு வீடாக, ரிமோட்டில் திறக்கும் ஆட்டோகேட் ரிப்பேர் செய்கிறவள். இடுப்பில் ஒரு கொத்துச் சாவி எப்போதும் தொங்கும், நடந்தால் கலகலவென்று சத்தம் வரும். கல்யாணத்துக்கு இன்னும் ஆறு வாரம். மண்டபம் பேசியாச்சு, பத்திரிகை அடிச்சாச்சு.

"இருபது அடிக்கும் ஒரே துணி, ஒரே குழாய்" என்றார் சித்தர். "துணியைப் பிரிச்சா குடும்பம் பிரியும்."

புனிதா சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"அங்கிள், அவ்வளவு நீளத்துக்கு ஒரே குழாய் போட்டா நடுவுல தொங்கும் லா. துணியில சுருக்கம் விழும், மோட்டார் திணறும். மூணாப் பிரிச்சுப் போடுங்க. நடுவுல விரல் அகலம் வெளிச்சம் வரும், அவ்வளவுதான்."

சித்தர் அவளை மேலும் கீழும் பார்த்தார். சம்படத்தை மட்டும் தடவினார்.

ஒரே துணியாகவே திரை வந்தது. ஒரே வாரத்தில் நடுவில் தொப்பை போட்டது. அக்கா பதறிப்போய் ஃபோன் போட்டார். "அது தொங்கல் இல்லம்மா. உங்க வீட்டுக்கு வர்ற கண்ணேறை எல்லாம் அதுதான் சுமக்குது" என்றார் சித்தர். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், திரைக்கு எவ்வளவு பாரம்!

திரைக்குத் திருநீறு போட ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தர் வந்து உட்கார்ந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் புனிதா உள்ளே கால் வைத்தாள். கடகடகட! இருபதடித் திரையும் தொப்பையோடு இறங்கி நின்றது. பட்டப்பகலில் ஹால் இருண்டது.

"நான் ஒண்ணும் சொல்லல. திரை சொல்லுது" என்று சித்தர் கண்ணை மூடிக்கொண்டார்.

புனிதா வெளியே போனாள், திரை ஏறியது. உள்ளே வந்தாள், இறங்கியது. மூன்று தடவை. அக்கா மூன்றாவது தடவையில் ஓவென்று அழுதுவிட்டார். கல்யாணம் வேண்டாம் என்றார். கிஷன் இருக்கிறானே, கப்பல் கம்பெனியில் நாற்பது பேரை வேலை வாங்குகிறவன், அம்மா முன்னால் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"புனிதா... அம்மா மனசு கஷ்டப்படுது. கொஞ்ச நாள் தள்ளிப் போடலாமா?"

"திரைதானடா விழுந்துச்சு? நீ ஏன் விழுற?" என்றாள் அவள். கண்ணில் தண்ணீர் நின்றது. அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஒரு துணி ஒரு பெண்ணுக்குத் தீர்ப்புச் சொல்கிறது, படித்தவனெல்லாம் கைகட்டிக் கேட்கிறான்!

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நேராகச் சித்தரிடம் போனாள்.

"அங்கிள், அடுத்த ஞாயிறு வாங்க. எல்லாரையும் வச்சு ஒரே ஒரு தடவை பார்த்துடலாம். அப்பவும் திரை என்னை வேணாம்னு சொன்னா, மோதிரத்தைக் கழட்டிக் குடுத்துட்டு நானே போறேன்."

அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு அக்கா வீட்டு ஹாலில் கால் வைக்க இடமில்லை. மாடி முழுக்க வந்துவிட்டது. பங்சாரிலிருந்து கார் போட்டு வந்த இரண்டு பேர், தங்கள் ஜன்னல் அளவைச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தார்கள். சித்தருக்குப் பட்டு வேட்டி, நடுச்சோபா, மடியில் சம்படம்.

"ஆள் பார்க்கிறது திரையா, நீங்களா?" என்று கேட்டாள் புனிதா.

"திரைதான்மா. நான் வெறும் கருவி."

"அப்ப உங்க கண்ணு தேவையில்லைல? கட்டிக்குங்க. நாங்க அஞ்சு பேர் வெளியே போய் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒவ்வொருத்தரா வரோம். யாரும் வாயைத் திறக்கக்கூடாது. யாருக்கு விழணும்னு திரைக்குத் தெரியும்தானே?"

சித்தர் இருமினார். இன்றைக்கு நாள் சரியில்லை என்றார். ராகு காலம் என்றார். தண்ணீர் கேட்டார். அவரைக் கவிழ்த்தது யார் தெரியுமா? அவருடைய பரம பக்தை, என் ரோசலின். எங்கள் வாசலில் ஜெபத் தண்ணீர் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டிருப்பவள். நான் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு எதிர்வீட்டைக் கேலி பண்ணுவது?

"சாமி, காட்டுங்க சாமி! இதுங்களுக்கெல்லாம் புத்தி வரட்டும்!" என்று கும்பிட்டாள். கூட்டமும் ஆமாம் போட்டது. அதற்குமேல் சித்தர் எங்கே தப்பிப்பது?

தம்புசாமி அண்ணன் 'குட்மார்னிங்' என்று அச்சடித்த வெள்ளைத் துண்டு ஒன்றை எடுத்து அவர் கண்ணைக் கட்டினார். அந்த மனிதர் அந்த வீட்டில் இத்தனை வருஷத்தில் இவ்வளவு ஆசையாக ஒரு வேலை செய்து நான் பார்த்ததில்லை.

அண்ணன், நான், ரோசலின், அக்கா, புனிதா. வெளியே போய் மைலோ டின்னில் சீட்டுப் போட்டோம். அண்ணன் முதலில் போனார். திரை அசையவில்லை. அடுத்து நான். மூச்சுக்கூட விடாமல் நடந்தேன். அசையவில்லை. ரோசலின் கும்பிட்டபடியே போனாள். அசையவில்லை. துண்டுக்குக் கீழே சித்தரின் கழுத்தில் வியர்வை ஓடியது. எல்லாரும் வெறுங்கால். காலடிச் சத்தத்தை வைத்து யார் என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

நாலாவது சீட்டு அக்காவுக்கு. தலைமுடியை முடிந்துகொண்டிருந்த புனிதா இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்தாள்.

"அத்தை, இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கிட்டுப் போங்களேன்" என்று காதோடு காதாகச் சொன்னாளாம்.

அக்காவுக்கு அவள் மேல் கோபம். ஆனாலும் நீட்டினதை வாங்கிக்கொண்டார். கலகல, கலகல என்று உள்ளே நடந்தார்.

சித்தரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஜாக்பாட் அடித்த மாதிரி மலர்ந்தது. கட்டைவிரல் சம்படத்துக்குள் போனது. கடகடகடகட! திரை இறங்கியது.

"வந்துட்டா!" சித்தர் எழுந்தே நின்றுவிட்டார். "மூதேவி வந்துட்டா! இவ கால் வச்ச வீடு உருப்படுமா? புருஷனைத் தின்னுடுவா! இவளை இப்பவே வெளியே துரத்துங்க!"

முப்பத்தொரு வருஷமாகத் தின்னப்படாமல் இருக்கும் தம்புசாமி அண்ணன் தன் கையைக் காலைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"யாரைடா சொல்ற?" என்றார் அக்கா.

சித்தர் துண்டைப் பிடுங்கினார். எதிரில் சாவிக்கொத்தோடு அந்த வீட்டு எஜமானி. "வீட்டம்மாவுக்கும்... சில நேரம்... கிரகம்..." என்று ஏதோ மென்றார்.

புனிதா பின்னாலேயே வந்துவிட்டாள். திரை ஏற்கெனவே இறங்கி நின்றதால் அவளுக்கு இறங்க மிச்சம் இல்லை. சித்தர் கையிலிருந்த சம்படத்தை வாங்கி டீப்பாயில் கவிழ்த்தாள். விபூதி கொஞ்சம் விழுந்தது. அடியில் பிளாஸ்டிக் சுற்றின சின்ன ரிமோட் ஒன்று விழுந்தது.

"ஆட்டோகேட் ரிமோட் மாதிரிதான். ஒரே மோட்டாருக்கு ரெண்டு ரிமோட் பழக்கலாம். ஒண்ணு உங்ககிட்ட குடுத்தார், இன்னொண்ணை இவர் வச்சுக்கிட்டார். போன வாரம் இந்த விரல் சம்படத்துக்குள்ள போறப்பல்லாம் மோட்டார் சத்தம் கேட்டுச்சு. என் தொழிலே அந்தச் சத்தம்தானே."

பொத்தானை அமுக்கினாள், திரை ஏறியது. பேட்டரியைக் கழற்றி அக்கா உள்ளங்கையில் வைத்தாள். வெளியே போனாள், உள்ளே வந்தாள். ஜன்னலுக்கு நேராகப் போய் நின்றாள். வெயில் முகத்தில் அடித்தது. திரை அசையவில்லை.

"பாருங்க அத்தை. பேட்டரி போனதும் என் தரித்திரமும் போயிடுச்சு."

அக்கா அந்தப் பேட்டரியைப் பார்த்தார். புனிதாவைப் பார்த்தார். அழுதுகொண்டே அவளைக் கட்டிக்கொண்டார். அந்தச் சந்தடியில் பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு லிஃப்டுக்கு ஓடிய சித்தரை, பங்சார்காரர்கள் இரண்டு பேரும் துரத்திக்கொண்டு ஓடினார்கள். முன்பணம் கட்டியிருப்பார்கள் போலிருக்கிறது.

கிஷன் மெதுவாகக் கிட்டே வந்தான். புனிதா கையை நீட்டி அவனைத் தள்ளியே நிறுத்தினாள்.

"உங்கம்மாவை அவன் ஏமாத்துனான். உன்னை யார் ஏமாத்துனா?"

அவன் தரையிலிருந்து கண்ணைத் தூக்கினான். "நான் கேள்வி கேட்டிருக்கணும்" என்றான்.

"இனிமே?"

"முதல்ல பேட்டரியைக் கழட்டிப் பார்க்கிறேன்."

அவள் சிரித்துவிட்டாள். மோதிரம் விரலில்தான் இருந்தது.

ஆறாவது வாரம் கல்யாணம் நடந்தது. அதற்கு முன்னாலேயே அவள் அந்தத் தொப்பைத் திரையை இறக்கிவிட்டு, மூன்று துண்டாக வேறு மாட்டிக்கொடுத்தாள். விரல் அகல வெளிச்சம் இரண்டு கோடாக ஹாலில் விழுகிறது. துணி பிரிந்து இருக்கிறது. குடும்பம் ஒரே சோபாவில் உட்கார்ந்து சீரியல் பார்க்கிறது. தம்புசாமி அண்ணன் பேப்பரோடு ஹாலுக்கே குடிவந்துவிட்டார்.

சரி, சனம் திருந்திவிட்டது என்று கதையை முடிக்கலாம் என்றால், நேற்று ரோசலின் ஃபோனை நீட்டுகிறாள். ஜெஞ்சாரோமில் ஒரு வீட்டு சீலிங் ஃபேன் அருள்வாக்குச் சொல்கிறதாம். மூன்று பஸ் போகிறதாம்.

போங்கள். போகிறவர்களை நான் தடுக்கவில்லை. கும்பிடுவதற்கு முன்னால் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று மட்டும் ஒரு தடவை தேடிப் பாருங்கள். சாமி கோபித்துக்கொள்ள மாட்டார். யாராவது கோபித்துக்கொண்டால் அவன் மடியைத் தடவிப் பாருங்கள், ரிமோட் அங்கேதான் இருக்கும்.