ஞானதுரை கலைத்த வரிசை

குப்பை என்று நினைத்துத்தான் ஞானதுரை அதையெல்லாம் வாரிக் கொட்டினான். ஒரு செங்கல், வாய் உடைந்த பானை, துருப்பிடித்த பிஸ்கட் டின், ஒற்றைச் செருப்பு, அடியில்லாத கூடை, ஓர் அம்மிக் குழவி. தண்டையார்ப்பேட்டை மைதானத்து ஓரமாக, தெருக்குழாயில் ஆரம்பித்து வேலி வரைக்கும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடந்தன. அம்மிக் குழவியை எவளாவது குப்பையில் போடுவாளா என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். ஆனால் சீமையில் கட்டடக்கலை படித்துவிட்டு வந்தவனுக்கு அம்மிக் குழவியைப் பற்றி யோசிக்க ஏது நேரம்?

அன்று சாயங்காலம் வீட்டுவசதிக் கமிட்டி மெம்பர் வருவதாக இருந்தது. அந்த மைதானத்தில் ஞானதுரை வரைந்த கட்டடம் எழும்புமா, அல்லது ஏதோ ஒரு கம்பெனி கிடங்கு கட்டிக்கொள்ளுமா என்பது அவர் கையில் இருந்தது. குடிசைக்காரர்கள் தாங்களாக விரும்பி வந்தால் கட்டடம், முகம் சுளித்தால் கிடங்கு என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

கட்டடம் லேசுப்பட்டதல்ல. பட்டணத்து நெரிசலுக்கு ஞானதுரை கண்டுபிடித்த மருந்து அது. நாலு மாடி; அத்தனையும் உயரமான தூண்கள் மேல் நிற்கும். கீழே ஒரு சுவர் கிடையாது. கடற்காற்று இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் போகலாம். மூன்று மாசத்துக்கு முன் மைதானத்தை அளக்க வந்தபோதே குழாயடியில் நின்றவர்களுக்கு இதையெல்லாம் கையை ஆட்டி விளக்கியிருந்தான். ராயபுரத்தில் கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்யும் அவன் அப்பா ஆசீர்வாதம், மகன் வரைந்த கட்டடப் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, கருப்பட்டிச் சிப்பத்தை எவன் நாலு மாடி தூக்குவான் என்று மட்டும் கேட்டார். அவருக்குக் கலை தெரியாது என்று மகன் மன்னித்துவிட்டான்.

அந்தப் படத்தைப் பலகையில் ஒட்டி, சுத்தப்படுத்திய இடத்தில் நட்டு, இரண்டடி தள்ளி நின்று ரசித்துக்கொண்டிருந்தபோதுதான் மீன்கூடையோடு சொக்கம்மாள் வந்தாள்.

"இன்னா சார், இங்க கீற பானை எங்க?"

ஞானதுரை குப்பைமேட்டைக் காட்டினான். "உடைஞ்ச பானைதானேன்னு எடுத்துப் போட்டேன்."

"உடைஞ்ச பானையா? அது நான் சார்."

அவனுக்குப் புரியவில்லை.

"பானை நானு. செங்கல்லு கோதண்டம். டின்னு ரஹீமுன்னிசா. செருப்பு நம்ம நீலமேகம், அவன் ஹார்பருக்குப் போய்க்கீறான். ஒரு தெருவையே தூக்கி வீசிட்டு சோக்கா நின்னுகினு கீறியே."

ஞானதுரை அவை கிடந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தான். வரிசை. பக்கத்திலேயே குழாய். வரிசையும் குழாயும் அருகருகே இருந்தால் சீமைக்குப் போகாதவனுக்கும் விளங்கும். தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டான். வர்றப்போ வரும் என்றாள். மெம்பர் வரும் நேரத்தில் தெருவே தன்மேல் கோபத்தில் இருந்தால் கிடங்குதான் என்று நினைத்தபோது அவனுக்கு வேர்த்தது.

உடனே மேட்டில் இறங்கி எல்லாவற்றையும் பொறுக்கினான். பெரியதில் ஆரம்பித்துச் சிறியதில் முடிகிறமாதிரி அழகாக அடுக்கி வைத்தான். தொழில் புத்தி எங்கே போகும்? அதற்குள் தெரு கூடிவிட்டது. பானை முதலிடத்துக்கு வந்ததில் சொக்கம்மாளுக்கு உள்ளூர மகிழ்ச்சி. செங்கல் நடுவில் போனதில் ரிக்‌ஷாக்காரன் கோதண்டத்துக்கு ஆத்திரம். ரஹீமுன்னிசாவின் டின் அகப்படவேயில்லை. பொருள் இல்லாவிட்டால் ஆள் இல்லை என்று பின்னால் இருந்தவர்கள் சட்டம் பேசினார்கள். அவள் கண் கலங்குவதைப் பார்த்த ஞானதுரை தன் தொப்பியைக் கழற்றி அவள் இடத்தில் வைத்தான். புதுத் தொப்பி. அதற்குமுன் டின்னாக இருந்தவளுக்கு இப்போது தொப்பி என்றால், பழைய கூடையாக இருப்பவள் சும்மா இருப்பாளா?

சண்டை முற்றியதும் அவன் அடுத்த யோசனையைச் சொன்னான். பொருள் எதுவும் வேண்டாம், மனுஷர்களே நிற்கட்டும். அவரவர் பழைய இடம் அவரவருக்குத் தெரியுமல்லவா?

தெரிந்தது. எல்லோருக்கும் முதலிடம் என்று தெரிந்தது.

கோதண்டம் கொஞ்சம் உரக்கப் பேசி முன்னால் நின்றுகொண்டான். வேலைக்குப் போனவர்களுக்குப் பதில் சொந்தக்காரர்கள் நிற்கலாம் என்று ஞானதுரை இரக்கப்பட்டு ஒரு சலுகை கொடுத்தான். நீலமேகத்துக்குப் பதில் அவன் பெண்டாட்டி, மாமியார், மச்சினன் மூவரும் நின்றார்கள். செருப்புக்கு இவ்வளவு உறவா என்று யாரோ கேட்டார்கள். வேலி தாண்டி வரிசை ரோட்டுக்கு வந்துவிட்டது.

நின்ற நேரத்தில் அவர்கள் படத்தையும் பார்த்தார்கள். குடை பிடித்து நாயோடு நடக்கும் வெள்ளைக்காரி ஒருத்தி அதில் இருந்தாள்; சீமைப் பத்திரிகையிலிருந்து அவன் பார்த்து வரைந்தது. அவளுக்கும் இங்கே வீடா என்று ஒருத்தி கவலைப்பட்டாள். அது சும்மா அழகுக்கு என்று அவன் சமாதானம் சொன்னான். தூணுக்கும் தூணுக்கும் எம்மாம் தூரம் என்று ரஹீமுன்னிசா கேட்டாள். ஒரு கார் தாராளமாக நிற்கும் என்றான். சாரல் அடிக்குமா என்று இன்னொருத்தி கேட்டாள். பாமர ஜனங்களுக்குக் கட்டடக்கலையில் இவ்வளவு ஈடுபாடா என்று அவன் மனம் குளிர்ந்தான்.

ஆனாலும் மெம்பர் வருவதற்குள் கூட்டம் கலைய வேண்டும். தண்ணீர்தானே பிரச்சினை? சொந்தக் காசில் பீப்பாய் வண்டி இரண்டை வரவழைத்தான். ஜனங்கள் சந்தோஷமாகப் பிடித்தார்கள். குடித்தார்கள், முகம் கழுவினார்கள், குடங்களை வீட்டில் வைத்தார்கள். மகராசனாக இருக்கச் சொல்லி வாழ்த்தினார்கள். பிறகு திரும்பி வந்து, விட்ட இடத்தில் நின்றுகொண்டார்கள்.

வண்டியைப் பார்த்து டோல்கேட் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வரிசை கண்ட இடத்தில் முதலில் நின்றுவிட்டு அப்புறம் எதற்கென்று விசாரிப்பதுதான் பட்டணத்துப் பழக்கம்.

ஞானதுரை சொக்கம்மாளிடம் கெஞ்சினான். "அதான் தண்ணி கிடைச்சுட்டுதே, வீட்டுக்குப் போகக் கூடாதா?"

"தண்ணிக்கு இன்னா அவசரம்?" என்றாள் அவள்.

அந்தப் பதிலை அவன் ஆராய்வதற்குள் மெம்பரின் கார் வந்து நின்றது. கண்ணுக்கெட்டிய மட்டும் ஜனம். அவர் கதவைத் திறக்கவே தயங்கினார். கண்ணாடியை மட்டும் இறக்கி, இந்தக் கூட்டம் எதற்கு என்று கேட்டார். ஞானதுரை மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பலகையைப் பிடுங்கிக்கொண்டு ராயபுரம் போய், கருப்பட்டி நிறுக்கலாம் என்று முடிவு செய்துவிட்டான்.

சொக்கம்மாள் முந்திக்கொண்டாள். பலகையைக் கை நீட்டிக் காட்டினாள்.

"தோ, இதுக்குத்தான் சார். மூணு மாசமா வரிசை போட்டுகினு கீறோம்."

மெம்பர் இறங்கினார். படத்தைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். ஏழைகள் மாடி வீட்டுக்கு வரமாட்டார்கள் என்று தன்னிடம் சொன்னவர்களை இங்கே கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்றார். கிடங்கு யோசனை இன்றோடு போயிற்று என்று ஞானதுரையின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

கார் போன பிறகும் ஞானதுரை நின்ற இடத்திலேயே நின்றான். தண்ணீருக்கு இல்லை. தன் கட்டடத்துக்கு. கல்லும் பானையும் செருப்புமாக இவர்கள் வெயிலில் காத்துக்கிடந்தது தன் கனவுக்கு. அதைத்தான் வாரிக் குப்பையில் போட்டிருக்கிறான். கண்ணில் நீர் முட்டியது. தொப்பி வேறு தலையில் இல்லை, மறைத்துக்கொள்ளவும் வழியில்லை.

வரிசையின் முதலில் நின்ற கோதண்டத்தின் தோளைப் பிடித்தான்.

"முதல் வீடு உனக்குத்தான் கோதண்டம். நீயே சொல்லு. நல்லாக் காத்து வேணும்னா நாலாவது மாடி, படி ஏற முடியாதுன்னா முதல் மாடி. எது வேணும்?"

ரஹீமுன்னிசா வேறு பக்கம் பார்த்தாள். சொக்கம்மாள், சொல்லிடு, நல்ல மனுஷன் என்றாள். கோதண்டம் தோள்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

"மாடியெல்லாம் சிபாரிசு கீறவனுக்குப் போயிடும் நைனா, அது எங்களுக்குத் தெரியாதா? நாங்க வரிசை போட்டது கீழ, தூணுக்குத் தூணு நடுவுல காத்துக்குன்னு சும்மா வுட்டுக்கீறியே, அந்த எடத்துக்கு."