சில்லுக் கதிரைக்குக் கிறவல் போட்ட கதை

கல்முனை
04.10.2009

அன்பும் கண்ணியமும் மிக்க மாமா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மருமகள் பாஹிமா எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் உதவியால் உம்மாவும் நானும் நலம். கத்தார் வெயிலில் றோட்டுப் போடும் உங்களையும் அவன் காத்தருள்வானாக. உம்மா பக்கத்தில் இருக்கும்போது தொலைபேசியில் சொல்ல முடியாதவை இருப்பதால் எழுதுகிறேன்.

சுனாமிக் கடல் வந்த பிறகு தந்த இந்த வீட்டில் வேலிக் கடப்பிலிருந்து கதவுவரை மணல்தான் என்பது உங்களுக்குத் தெரியும். நடக்க முடியாத உம்மாவின் சில்லுக் கதிரை இரண்டடி ஓடிப் புதைந்துவிடும். ஐந்து வருடமாக அது உடுப்புக் காயப்போடத்தான் உதவியது. "என்னய மையத்து மாதிரி நாலு பேர் தூக்காம, நான் தனிய ஒருநாள் றோட்டுக்குப் போகணும்" என்று அவர் சொன்னதைக் கேட்டுத்தான் நீங்கள் அங்கிருந்தே பாதை போட ஒரு டிப்பர் லொறி கிறவல் மண்ணுக்குச் சொன்னீர்கள். மாரிக்கு முன் முடிக்கவும் சொன்னீர்கள்.

யுத்தம் முடிந்ததில் சோதனைச் சாவடியில் ஆயுதம் தேடி மண்ணைக் குத்திப் பார்க்க ஆளில்லை, ஆகவே டிப்பர் சொன்ன நாளுக்கு முதல்நாளே வந்து, உள்ளே வந்தால் தன் சில்லும் புதையும் என்று பயந்து, முழுவதையும் கடப்பிலேயே கொட்டிவிட்டுப் போய்விட்டது. நாங்கள் உள்ளே, வழி வெளியே. படித்துக்கொண்டிருந்த புத்தகத்தோடு, வெளியே போகக் குவியலில் ஏறினேன். உச்சியில் நிற்கும்போது முன்வீட்டு ஆயிஷா உம்மா வேலிக்கு மேலால் கேட்டார்: "எப்பகா மாப்பிள்ள வாறாரு?"

"இல்ல மாமி, இது உம்மாட கதிரைக்கு."

"ஓம் ஓம். என்ட மகளுக்கு அறை கட்டக்குள்ள நாங்களும் மாட்டுக்கெண்டுதான் சொன்ன. கண்ணூறு படாம இரிக்கட்டும்."

மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருக்கும் ஊரில், குமர்ப்பெண் இருக்கும் வளவுக்குள் ஒரு பேக் சீமெந்து வந்தாலும் அது அவருக்குத்தானே. லுஹர் தொழுகைக்குத் தெருவின் பேச்சில் மாப்பிள்ளை மருதமுனைக்காரர் ஆனார், அஸருக்கு அவருக்கு வங்கியில் வேலை கிடைத்தது, மஃரிபுக்கு முன் கண்ணாடியும் போட்டுவிட்டார்கள். அதற்குள் மேசன் சீனிமுகம்மது மூன்று பேரோடு மண்வெட்டி சகிதம் வந்து நின்றார். கூலி பற்றிக் கேட்டதற்குக் கோபித்தார்.

"வாப்பா இல்லாத புள்ளட கலியாணத்துக்கு நான் கூலி எடுக்கிறதா?"

"கலியாணம் ஒண்டும் இல்ல காக்கா."

"வெக்கப்படாதகா. தண்ணிய எடுத்துத் தா."

மூன்று முறை உண்மையைச் சொன்னேன். நான்காவது முறை வாயை மூடிக்கொண்டேன், ஏனென்றால் கடற்கரையில் கிடந்த நம் பழைய வீட்டு அத்திவாரக் கற்களை அவர்கள் கொண்டுவந்து பாதையின் அடியில் பாதித் தூரம்வரை பரப்பியிருந்தார்கள், வானமும் இருட்டியிருந்தது. இந்த மௌனத்தை அல்லாஹ் மன்னிக்கட்டும். நடுவை உயர்த்தினால் தண்ணீர் இரு பக்கமும் ஓடும் என்று நீங்கள் சொன்னதைச் சொன்னதும், "கத்தார்ல மழையே இல்ல, அவருக்கென்ன தெரியும்" என்றார் சீனிமுகம்மது. பிறகு நடுவை உயர்த்தித்தான் போட்டார். யோசனை தன்னுடையது என்றார். நனைத்து நனைத்து, மரக்கட்டையால் இடித்து, மூன்றாம் நாள் முடித்தார்கள். ஆளாளுக்குப் பலகாரமும் கொண்டுவந்தார்கள். உம்மா எதையும் மறுக்கவில்லை, விளக்கவுமில்லை.

வெள்ளிக்கிழமை மழை பெய்தது. ஓரிடத்தில் மட்டும் சிறு பள்ளம். நீங்கள் சொன்னபடி ஒதுக்கிவைத்த கிறவலைப் போட்டு நானே இடித்தேன்.

நேற்று உம்மா தன் கையால் சில்லை உருட்டிக்கொண்டு போனார். பின்னால் போன என்னிடம், "நீ உள்ளுக்குப் போ மகள்" என்றார். சன்னலால் பார்த்தேன். றோட்டோரத்தில் கதிரையை நிறுத்தி, போகிற ஓட்டோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. இந்தத் தெருவுக்கும்தான்.

அங்கே நம்மூரார் யாராவது கேட்டால், கல்யாணம் ஒன்றும் இல்லை, மருமகள் இப்போதைக்கு அதை நினைக்கவுமில்லை என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள். உங்கள் ஆயுளிலும் உழைப்பிலும் பறக்கத் உண்டாகட்டும். மாமிக்கும் பிள்ளைகளுக்கும் சலாம்.

மருமகள்,
பாஹிமா

பி.கு.: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் உம்மா வீட்டில் இல்லை. ஒரு மணித்தியாலம் கழித்துத் தனியே உருட்டிக்கொண்டு வந்தார். கலியாணத் தரகர் வீட்டுக்குப் போனாராம். சாய்ந்தமருதிலிருந்து வருகிற வெள்ளிக்கிழமை எட்டுப் பேர் பெண் பார்க்க வருகிறார்களாம். கலியாணம் இல்லையென்று அங்கே யாரிடமும் சொல்லிவிட வேண்டாமென்று உங்களுக்கு எழுதச் சொல்கிறார். அவர்கள் வான் வண்டியில் வருவதால் வளவுக்குள் திருப்ப இடம் வேண்டும், இன்னும் ஒரு டிப்பர் கிறவலுக்குச் சொல்லுங்கள் என்கிறார். ஐந்து வருடத்தில் என்னைக் கேட்காமல் அவர் செய்த முதல் காரியம் இது. எனக்குச் சரியாகக் கோபிக்கவும் வரவில்லை. கிறவலுக்குச் சொல்லிவிடுங்கள், மாமா. இந்த முறை உள்ளே கொண்டுவந்து கொட்டச் சொல்லுங்கள்.