குருவிக்குக் கட்டிய கதிர்

அணில் தலைகீழாகத் தொங்கியபடி நெல்லைக் கொறித்துக்கொண்டிருந்தது. குருவிகள், பந்தியில் இடம் கிடைக்காதவர்களைப் போல, மதில்மேல் வரிசையாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தன.

"சூ! சூ!" என்று பரிபூரணம் முறத்தைத் தட்டினாள். குருவிகள்தான் பறந்தன.

முருங்கையில் அவள் கட்டியிருந்த கதிர்க்கொத்து, தேவதானத்திலிருந்து அப்பா கொடுத்தனுப்பியது. கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து மூன்று மாதம். புருஷன் நேசையன் காலையில் கரிப்புகையில் ஓடும் பஸ்ஸைப் பிடித்து ராஜபாளையம் மில்லுக்குப் போய்விட்டால், பொழுது சாயும்வரை அந்த வீட்டில் கேட்கும் பேச்சு குருவிகளுடையதுதான். அதற்கும் அவன் கெடு வைத்துவிட்டான்.

"குருவிக்குன்னா சரி. அணிலுக்குத் தீனி போட நாம என்ன சேத்தூர் ஜமீனா? ஞாயித்துக்கெழமைக்குள்ள இது நிக்கலைன்னா அவுத்து எறிஞ்சிருவேன்."

மதிலுக்கு மேல் பக்கத்து வீட்டு அங்காளம்மாளின் தலை எழுந்தது.

"என்னட்டி, மொறத்தப் போட்டு இந்தத் தட்டு தட்டுற?"

"அணிலுதான், அக்கா. அம்புட்டையும் தின்னுட்டுப் போகுது."

"மரத்துல கட்டுனா ஏறத்தான செய்யும்? துணி காயப்போடுற கொடியில கட்டு. அணிலு என்ன கழைக்கூத்தா ஆடும்?"

ஆடியது. வாலைத் தூக்கிக்கொண்டு, காய்ந்துகொண்டிருந்த நேசையனின் வெள்ளைச் சட்டைமேல் மண்பாதம் பதித்து நடந்து, சாவகாசமாகத் தின்றது.

மறுநாள் அங்காளம்மாள் பின்வாசல் வழியாக உள்ளேயே வந்தாள். காபி குடித்தாள்.

"கொடியில வெளக்கெண்ணெயத் தடவு. வழுக்கிரும்."

அணில் வழுக்கவில்லை. எண்ணெய் சொட்டியது, வெயிலில் போட்டிருந்த கோட்டின்மேல். நேசையன் ஞாயிறு ஆராதனைக்குப் போடும் ஒரே கோட்டு.

"தொந்தரவு அணிலா, நீயா?" என்று அவன் கேட்டான்.

அவளுக்கு அழுகை வந்திருக்க வேண்டும். ஆனால் விடிந்ததும் இரண்டு தம்ளர்களைக் கழுவி வைத்துவிட்டு மதிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அணில் ஒழிந்துவிட்டால் அங்காளம்மாள் வருவாளா? இந்தக் கேள்வி எழுந்ததும், குருவிகளுக்குத் துரோகம் செய்தவளைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அங்காளம்மாள் வந்தாள்.

"அதுக்கும் வயிறு இருக்குல்ல? மதில்மேல ஒரு செரட்டையில கடல வையி. வயிறு நெறஞ்சா நெல்லுப் பக்கம் ஏன் வரப்போகுது?"

வெறும் கடலையை வைக்கப் பரிபூரணத்துக்கு மனம் வரவில்லை. உப்புப் போட்டு வறுத்து வைத்தாள். அணில் கடலையைத் தின்றது. பிறகு நெல்லையும் தின்றது.

சனிக்கிழமை காலை அணிலைக் காணோம். ஒரு குருவி வந்து பார்த்தது. பின்னாலேயே ஒரு கூட்டம் வந்து கதிரில் தொற்றிக்கொண்டு இரைந்தது. பஸ்ஸுக்குப் புறப்பட்ட நேசையன் நின்று பார்த்தான்.

"பரவால்லயே, செயிச்சுட்ட! கதிரு கெடக்கட்டும்."

இரண்டு தம்ளர் காபி போட்டாள். ஆறிப்போயிற்று. அங்காளம்மாள் வரவில்லை. குருவிகளின் சத்தம் முற்றமெல்லாம் நிறைந்திருந்தது. ஜெயித்ததைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

மதிலுக்கு மேல் ஒரு தலை எழுந்தது. அங்காளம்மாளின் புருஷன் சமுத்திரம். தூங்காத கண்கள் சிவந்திருந்தன.

"அக்காவ எங்கண்ணே? அணிலு இன்னைக்கு வரவே இல்லைன்னு சொல்லணும்."

"எப்பிடித் தாயி வரும்?" என்றார் அவர், கும்பிடாத குறையாக. "இனிமே கடலைய வறுக்காம வையி, எங்க வீட்டுல வளக்குற அணிலுக்கு வறுத்தது ஒத்துக்கிடாம, ஒங்கக்கா ராத்திரியிலருந்து அத மடியில போட்டு ஓமத்தண்ணி பொகட்டிக்கிட்டு இருக்கா."